கேட்காமல் நேர்ந்துகொண்ட மடி

அடுகோடி, பெங்களூர்
12 ஜூன் 1995

உத்தமன் அண்ணாவுக்கு மரகதம் எழுதுவது.

எட்டு வருஷமாகப் பேச்சு இல்லாத வீட்டிலிருந்து கடிதம் வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் பிரிப்பார்கள். யாரும் சாகவில்லை. சாகக் கிடந்து பிழைத்தான் என் பையன் ரகு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன ஆகஸ்டில் அவனுக்கு மூளைக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். டாக்டர், 'பாக்கலாம்மா' என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. உங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கோபம்தான். அந்த நேரத்திலுமா என்று கேட்பீர்கள். ஆமாம், அந்த நேரத்திலும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நம் பச்சையம்மனிடம் வேண்டிக்கொண்டேன். இவன் எழுந்து நடந்தால், தலையில் கத்திரி படாமல் முடி வளர்த்து, உன் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டை போடுகிறேன் என்று. அவனுடைய முதல் மொட்டை உங்கள் மடியில் நடக்கவில்லை. நீங்கள் வந்து சேர்வதற்குள் நல்ல நேரம் போகிறது என்று என் வீட்டுக்காரர் மூன்று வயசுப் பிள்ளையைத் தன் அண்ணன் மடியில் உட்காரவைத்துவிட்டார். நீங்கள் கொண்டுவந்த சீர்த்தட்டைக் கோயில் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். அந்தக் குறைதான் பையனைப் படுக்கவைத்தது என்று எனக்குத் தோன்றிவிட்டது. யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது.

உங்களைக் கேட்காமல் உங்கள் மடியை நேர்ந்துகொண்டேன் அண்ணா. பிழைத்து வந்த பிறகு உங்களிடம் கேட்க வாய் வரவில்லை. இப்போதும் வந்திருக்காது. ஸ்கூல் விடமாட்டேன் என்கிறது.

ரகு ஏழாவது வந்துவிட்டான். மார்ச்சில் பப்ளிக் எக்ஸாம். முடி தோளைத் தொடுகிறது, பின்னி விடுகிறேன். போன வருஷம் காய்ச்சல்காரப் பையன் என்று ஸ்கூலில் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருஷம் கோவிந்தப்பா என்று புது பி.டி. மாஸ்டர். ஸ்கூல் திறந்த அன்றே ப்ரேயர் வரிசையிலிருந்து இவனை வெளியே இழுத்து நிறுத்திவிட்டார். 'ஆண் பிள்ளைகளுக்கு முடி காலரைத் தொடக் கூடாது, இந்த மாதத்துக்குள் வெட்டாவிட்டால் வகுப்பில் சேர்க்கமாட்டோம்' என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு நாள் கோயிலுக்கு வாருங்கள். மடியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகு பேசாவிட்டாலும் போகட்டும்.

மரகதம்


திருப்பத்தூர்
20 ஜூன் 1995

மரகதத்துக்கு,

கடிதம் கிடைத்தது. பையன் பிழைத்தது சந்தோஷம். அவன் படுத்தது எனக்கு முன்பே தெரியும். தீபாவளி கழித்து ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் உன் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் சொன்னான். 'என்னங்க, உங்களுக்குச் சொல்லவே இல்லியா?' என்று வேறு கேட்டான். தாய்மாமன்காரன் அதற்கு என்ன பதில் சொல்வான்? நல்லவேளை ரயில் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

ஸ்கூல் விஷயம் முதலில். நான் இருபது வருஷமாக பி.டி. மாஸ்டர். அந்தக் கோவிந்தப்பா செய்வதைத்தான் இங்கே நானும் தினமும் செய்கிறேன். வரிசைக்கு நடுவே நடந்து போகும்போது தோல் கம்பெனி முதலாளியின் பையனும், அங்கே தோல் ஊறப்போடுகிறவரின் பையனும் எனக்கு ஒரே மாதிரி தெரிய வேண்டும். அதற்குத்தான் யூனிஃபார்ம். முடி வளர்க்க ஒவ்வொருவனுக்கும் ஒரு காரணம் இருக்கும். ஒருவனுக்குச் சாமி, ஒருவனுக்கு சினிமா. எந்தக் காரணம் பெரிது என்று எடை போட்டுக்கொண்டிருந்தால் மணி அடிக்க முடியாது.

மடி விஷயம். என் மடி என்ன, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிட்டுப் போகும் கோயில் வாசல் கல்லா? அன்றைக்குப் பையன்களைப் போட்டிக்குக் கூட்டிப்போய், ஜெயித்தவர்களுக்குக் கப் கொடுக்கும்வரைகூட நிற்காமல் பஸ் பிடித்து ஓடிவந்தேன். அரை மணி தாமதம். சந்தனம் பூசிய தலையோடு குழந்தை எனக்குக் கை நீட்டியது. தூக்கக்கூட முடியவில்லை எனக்கு. அவ்வளவு அவமானம்.

வேண்டாதபோது தூக்கிப் போட்டீர்கள். வேண்டியபோது அம்மனிடம் எழுதிக் கொடுத்துவிட்டாயா? உன் வீட்டுக்காரர் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கட்டும், யோசிக்கிறேன்.

உத்தமன்


அடுகோடி
2 ஜூலை 1995

அண்ணாவுக்கு,

அவரிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, 'லேட்டா வந்தது அவரு. வெத்தல பாக்கு நான் வெக்கணுமா?' என்றார். 'இந்தா, முனையில சலூன் இருக்கு, அஞ்சு நிமிஷ வேல' என்றார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை. இரண்டு நாள் எங்கள் வீட்டில் பாத்திரம் மட்டும்தான் பேசிற்று.

பிரின்ஸிபால் அம்மாவைப் பார்க்க ஷிஃப்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அதே ஸ்கூலில் ஆறாவதில் ஒரு சர்தார்ஜி பையன் கொண்டை போட்டு, மேலே துணி கட்டிக்கொண்டு வருகிறான். அவனுக்கு மட்டும் எப்படி என்று கேட்டேன். 'அது அவங்க ரிலிஜன்மா. வாழ்நாள் பூரா அப்படித்தான். இது உங்க பர்சனல்' என்றார். ஒரு வருஷத்து வேண்டுதல் என்றால் சாமி கணக்கில் வராதா என்று கேட்டேன். 'அப்ப டெம்பிள்லேருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, கமிட்டியில வெக்கிறேன்' என்றார். பச்சையம்மன் என்ன லெட்டர்பேட் அடித்து, சீல் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா? பூசாரிக்குக் கையெழுத்தே போடத் தெரியாது.

கம்பெனியில் என் பக்கத்துத் தையல் மிஷின் ஃபாத்திமாதான் ஒரு யோசனை சொன்னாள். முடியை உச்சியில் சுருட்டி, மேலே வெள்ளைக் கைக்குட்டை கட்டி அனுப்பினேன். 'என்னப்பா இது, ஸ்கூலா, ஆஸ்பத்திரியா?' என்று கோவிந்தப்பா அவிழ்க்கச் சொல்லிவிட்டார். அவிழ்த்தபோது பையன்கள் சிரித்திருக்கிறார்கள். இப்போது அவனுக்கு வகுப்பில் பெயர் 'ரகு அக்கா'. இந்த வாரம் வகுப்புக்குள்ளேயே விடவில்லை. ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிடுகிறார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துவிட்டுப் போகிறான்.

யூனிஃபார்ம் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். நானும் போடுகிறவள்தான். ஓசூர் ரோட்டு கார்மென்ட்ஸ் கம்பெனியில் நீலக் கோட்டு, தலைக்கு வெள்ளைத் துணி. பூ வைக்கக் கூடாது, கண்ணாடி வளையல் கூடாது. வாசலில் கழற்றிப் பையில் போடுகிறேன், சாயங்காலம் எடுத்து மாட்டிக்கொள்கிறேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வெட்டின முடியைச் சாயங்காலம் எங்கே எடுத்து மாட்டுவது, சொல்லுங்கள்.

ராத்திரி தூங்கும்போது அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாக இருக்கிறமாதிரியே இருக்கிறது. கோயிலுக்குப் போகாமல் அந்த முடியில் கத்திரி பட்டால் பிள்ளை எனக்கு இல்லை என்று மனசு அடித்துக்கொள்கிறது. இது படிக்காதவள் பயம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஸ்கூலுக்கு இப்படி ஒரு பையன் வந்தால் என்ன செய்வீர்கள்? நெஞ்சைத் தொட்டு எழுதுங்கள்.

மரகதம்


திருப்பத்தூர்
11 ஜூலை 1995

மரகதத்துக்கு,

நெஞ்சைத் தொட்டே எழுதுகிறேன். திருப்பி அனுப்புவேன். அனுப்பியும் இருக்கிறேன். போன வருஷம் ஒருவன் திருப்பதிக்கு வேண்டுதல் என்று வந்து நின்றான். வெட்டிக்கொண்டு வா என்றேன், வெட்டிக்கொண்டு வந்தான். இன்றைக்கு நன்றாக கபடி ஆடுகிறான். ஆனால் அவன் அம்மா ராத்திரியில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாளா என்று நீ எழுதின பிறகு நினைத்துப் பார்த்தேன். அது எனக்கு இதுவரை தோன்றாத விஷயம். அதற்காக ரூல் தப்பு என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்று. இரண்டு கடிதம் எழுதிவிட்டாய். பிரின்ஸிபால் என்ன சொன்னார், மாப்பிள்ளை என்ன சொன்னார், ஃபாத்திமா என்ன சொன்னாள் என்று எல்லாம் இருக்கிறது. ரகு என்ன சொல்கிறான் என்று ஒரு வரி இல்லை. பதினோரு வயசுப் பையன், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் அவன்தானே? அவனைக் கேட்டாயா?

வெற்றிலை பாக்கு வேண்டாம், விடு. மாப்பிள்ளை கையால் ஒரு கார்டு எழுதி அனுப்பட்டும். ஒரு வரி போதும். அதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன். எனக்கும் ஊரில் நாலு பேர் முன்னால் நடமாட வேண்டும்.

உத்தமன்


அடுகோடி
24 ஜூலை 1995

அண்ணாவுக்கு,

இத்துடன் அவர் எழுதின கார்டை வைத்திருக்கிறேன். தனியாகப் போஸ்ட் பண்ணுகிறேன் என்றார், நம்பிக்கை இல்லை, நானே வாங்கிக் கவரில் போட்டேன். அந்தக் கார்டு ஒரு வாரம் டிவி மேல் வெறுமனே கிடந்தது. தினம் பேனாவை எடுப்பார், மூடி வைப்பார். கடைசியில் எழுதினது மூன்று வார்த்தை. 'மச்சான் வரவும். பாலகுமார்.' அவ்வளவுதான் அவருக்கு வரும். நீங்களும் அவரும் ஒரே அச்சு, அதைச் சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம் வரும்.

ஸ்கூலில் இந்த மாதக் கடைசிவரைதான் கெடு, அதற்குமேல் டி.சி.தான் என்றார்கள். ஆகஸ்ட் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கோயில், ஏழாம் தேதி மொட்டைத் தலையோடு வருவான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். பிரின்ஸிபால் அம்மா சரி என்றார். அதுவரை அதே பெஞ்ச்.

ரகுவைக் கேட்டேன். 'என்னடா, உனக்கு எப்படி இருக்கு?' என்றேன். 'ஒண்ணும் இல்லம்மா' என்றான். அவன் எப்போதும் அப்படித்தான்.

ஆறாம் தேதி, அண்ணா. அந்த ஒரு நாள்தான். என் பிள்ளைக்கு உயிரும் வேண்டும், படிப்பும் வேண்டும். இரண்டும் உங்கள் கையில் இருக்கிறது.

மரகதம்


திருப்பத்தூர்
29 ஜூலை 1995

அன்புள்ள மரகதம்,

கார்டு வந்தது. மூன்று வார்த்தையானாலும் 'மச்சான்' என்று இருக்கிறது. உன் அண்ணி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, 'இதுக்குத்தான் எட்டு வருஷமா?' என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

வருகிறேன். இந்த முறை பஸ்ஸை நம்பப்போவதில்லை. சனிக்கிழமை மத்தியானமே கோயிலுக்குப் போய்விடுகிறேன். முடி எடுக்கிறவரிடமும் சொல்லியாகிவிட்டது. ரகுவுக்கு வேட்டி சட்டை எடுத்திருக்கிறேன். அளவு தெரியாது. இங்கே என் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை நிறுத்தி அளந்து வாங்கினேன்.

மொட்டை முடிந்ததும் திங்கட்கிழமை நானே உங்களோடு பெங்களூருக்கு வந்து அந்தக் கோவிந்தப்பாவைப் பார்க்கிறேன். பி.டி. மாஸ்டருக்கு பி.டி. மாஸ்டர் பேசினால் விஷயம் சுலபமாக முடியும். பையனைப் பெஞ்சில் உட்காரவைத்தது சரியில்லை, அதை நான் அவரிடம் சொல்லத்தான் போகிறேன். வெளியே அனுப்பு, இல்லை உள்ளே விடு. நடுவில் காட்சிப்பொருளாக வைக்கக் கூடாது.

பையனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் கூட்டி வா.

உத்தமன்


அடுகோடி
3 ஆகஸ்ட் 1995

அண்ணா,

வராதீர்கள். எல்லாம் போய்விட்டது.

நேற்று சாயங்காலம் ரகு ஸ்கூலிலிருந்து முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றான். ஒரு பக்கம் காதுக்கு மேல், ஒரு பக்கம் காதுக்குக் கீழ். பின்னலைக் கைக்குட்டையில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். டப்பாவைத் திறந்தேன். 'யாருடா? அந்தக் கோவிந்தப்பாவா?' என்று உலுக்கினேன். தலையை ஆட்டினான்.

கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்கூலுக்கு ஓடினேன். பெரிய பையன்கள் கிரவுண்டில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் அந்த ஆளின் கழுத்து விசில் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கயிறு கையோடு வந்துவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் தமிழில் பாதி, கன்னடத்தில் பாதி திட்டினேன். 'நானு மாடில்லம்மா, நான் செய்யல, சத்தியமா' என்று அவர் அதையே சொல்லிக்கொண்டு நின்றார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். 'இன்னிக்கு முடி, நாளைக்கு எதை வெட்டுவாங்க?' என்று ஒரு அம்மா கத்தினார். 'ரூல் இல்லாட்டி அப்புறம் ஸ்கூல் எதுக்கு?' என்று ஒருவர் எதிர்க்கேள்வி கேட்டார். அவர்களுக்குள்ளேயே அடிதடி வந்திருக்கும். பிரின்ஸிபால் அம்மா பயந்துபோய், கோவிந்தப்பாவைக் கமிட்டி விசாரிக்கும்வரை ஸ்கூலுக்கு வரவேண்டாம் என்று அங்கேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ஆள் நன்றாக இருக்கமாட்டான். பிள்ளையின் நெற்றியில் கை வைத்தபடியே எழுதுகிறேன். இன்னும் சூடு இல்லை.

மரகதம்


திருப்பத்தூர்
8 ஆகஸ்ட் 1995

மரகதம்,

உன் கடிதம் நான் கிளம்பிப் போன பிறகு வந்திருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் கோயிலுக்குப் போனவன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூசாரி கதவைப் பூட்டும்வரை புது வேட்டி சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடி எடுக்கிறவர் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை கார்டு எழுதி வரவழைத்து, எட்டு வருஷத்துக்குச் சேர்த்துப் பழிவாங்கிவிட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் இரண்டு பேரையும் மனசுக்குள் என்னென்னவோ சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

படித்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்துகிறது. கோபப்படாமல் கேள். நான் பையன்களின் முடியை வெட்டியிருக்கிறேன், கிரவுண்டில் வைத்தே. வெட்டினால் முடி மண்ணில் விழும். காற்றில் போகும். பெருக்கி அள்ளச் சொல்வோம். எந்த வாத்தியாரும் பின்னலை முழுசாகப் பிடித்து வெட்டி, கைக்குட்டையில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்துக்கொள்ளடா என்று கொடுத்து அனுப்பமாட்டான். அது சாமிக்கு உரியது என்று தெரிந்த கைதான் அப்படிச் செய்யும்.

நீ 'கோவிந்தப்பாவா' என்று கேட்டாய், அவன் தலையாட்டினான் என்கிறாய். அவனாகப் பெயர் சொன்னானா? அடிக்காமல், உலுக்காமல், உட்காரவைத்துக் கேள். உடனே எழுது.

உத்தமன்


அடுகோடி
13 ஆகஸ்ட் 1995

அண்ணா,

கேட்டேன். நீங்கள் நினைத்ததுதான்.

'நான்தாம்மா வெட்டிக்கிட்டேன். கிராஃப்ட் மிஸ் மேசைல இருந்து கத்திரி எடுத்துட்டு டாய்லெட்டுக்குப் போயிட்டேன்' என்றான். ஏன்டா என்றேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'மாமா வந்தா அப்பாவும் மாமாவும் சண்ட போட்டுக்குவாங்க. வரலன்னா நீ அழுவ. முடி இல்லன்னா யாரும் வரவும் வேணாம், யாரும் அழவும் வேணாம். எல்லாரும் என் தலையப் பத்தியே பேசிட்டு இருக்கீங்க.' பெஞ்சில் உட்கார்ந்து இதையேதான் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறான். அப்புறம் ஏன் கோவிந்தப்பா சார் என்று தலையாட்டினாய் என்றேன். 'நீதான சொன்ன. நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள செருப்ப மாட்டிட்டு ஓடிட்ட' என்றான். சொல்லிவிட்டு, 'எனக்குக் காய்ச்சல் வருமாம்மா?' என்று கேட்டான். அந்தப் பயத்தை அவனுக்கு ஊட்டினவள் நான்தான். அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதுவிட்டேன்.

இப்போது நான் என்ன செய்வது? கோவிந்தப்பாவை வேலையை விட்டு எடுப்பதா வேண்டாமா என்று இருபத்தொன்றாம் தேதி கமிட்டி உட்காருகிறது. ரகுவை முதல் பெஞ்சில் உட்காரவைத்துத் தாங்குகிறார்கள். முடி விஷயத்தில் இனிமேல் யாரையும் வற்புறுத்துவதில்லை என்று சர்க்குலர் வேறு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் டி.சி. கொடுத்துவிடுவார்கள். நடு வருஷத்தில் வேறு எந்த ஸ்கூலில் ஏழாவதில் சேர்ப்பார்கள்? 'வாய மூடிட்டு இரு. அந்த ஆளுக்கு வேற ஸ்கூல் கெடைக்கும், பையனுக்கு வருஷம் போனா திரும்ப வராது' என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. அடுத்த நிமிஷம் அந்த மனுஷன் கிரவுண்டில் நின்ற நிலை கண் முன்னால் வருகிறது. விசில் கயிறு இன்னும் என் கோட்டுப் பையில் கிடக்கிறது.

ஒன்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்கிறேன்.

மரகதம்


திருப்பத்தூர்
16 ஆகஸ்ட் 1995

மரகதம்,

இதில் கேட்க என்ன இருக்கிறது? போய்ச் சொல். கமிட்டி உட்காருவதற்கு முன்னால் சொல்.

வேறு ஸ்கூல் கிடைக்குமாம். மாப்பிள்ளைக்கு எங்கள் தொழில் தெரியாது. பிள்ளைகளைத் தொட்டுப் பாடம் நடத்துகிறவன் நான். ஓடும்போது தோளைப் பிடித்துத் திருத்துவேன், விழுந்தால் தூக்குவேன். 'பையன்மேல் கை வைத்தவன்' என்று ஒரு பெயர் வந்தால் எந்த வாசலிலும் என்னை நிற்கவிடமாட்டார்கள். அந்த மனுஷன் இடத்தில் நான் இருந்திருக்கலாம். ரூலைப் பார்த்தவன், பையனைப் பார்க்கவில்லை. அதற்காக அவரைத் திட்டலாம். செய்யாத குற்றத்துக்குத் தள்ளக் கூடாது.

நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன். அப்புறம் எனக்கும் உனக்கும் ஜென்மத்துக்கும் பேச்சு கிடையாது. மடி, மொட்டை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

டி.சி. கொடுத்தால் கொடுக்கட்டும். இங்கே கூட்டி வா. நான் பார்த்துக்கொள்கிறேன். ரகுவை அடிக்காதே.

உத்தமன்


அடுகோடி
25 ஆகஸ்ட் 1995

அண்ணாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை ஷிஃப்ட்டுக்குப் போகிற கோட்டோடு ரகுவைக் கூட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் வரவில்லை. பிரின்ஸிபால் அம்மா எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம், 'சரி, ஆபீஸ்லயே கமிட்டி முன்னால சொல்லிடுங்க, போதும்' என்றார். 'திட்டினது கிரவுண்ட்ல மேடம்' என்றேன்.

ப்ரேயர் முடிந்ததும் கூப்பிட்டார்கள். அத்தனை பிள்ளைகளும் ஒரே நிறத்தில் வரிசையாக நின்றார்கள். கமிட்டிக்காக வரச் சொல்லியிருந்த கோவிந்தப்பா கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில், இவர் வெட்டவில்லை, நான் விசாரிக்காமல் எல்லார் முன்னாலும் கை நீட்டினேன், தப்பு என்னுடையது என்றேன். அதற்குள் ரகு தானாகவே முன்னால் வந்து, 'நான்தான் கட் பண்ணிக்கிட்டேன். சாரி சார்' என்றான். கூட்டத்தில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

விசில் கயிற்றை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. தமிழிலேயே சொன்னார். 'என் பொண்ணு என்னைக் கேட்டாம்மா. நிஜமாவே நீங்க வெட்டினீங்களாப்பான்னு. அவ கேட்டதை நான் எங்க போய்ச் சொல்ல?' வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன், ஃபாக்டரியிலும் அழுதேன். ஃபாத்திமா என் மிஷினில் இருந்ததையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள்.

கோவிந்தப்பா வேலைக்கு வந்துவிட்டார். ரகுவை தசரா லீவு முடியும்வரை ஸ்கூலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சை எழுத விடுவார்களாம். முடி ரூல் பழையபடி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை, ஆனால் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் ரகுவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இனி வேண்டுதல். வெட்டின பின்னலை மஞ்சள் துணியில் கட்டி சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, மிச்சமிருக்கிற முடியையும் கோயிலில் எடுத்துவிடலாம் என்று ரகுவிடம் சொன்னேன். செப்டம்பர் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அவனும் வருகிறேன் என்றான். ஆனால் ஒன்று சொன்னான். அதை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

'நான் யார் மடியிலயும் உக்கார மாட்டேன்மா. நானே வெட்டிக்கிட்டேன் இல்ல, நானே உக்காந்துக்கறேன். மாமா வேணும்னா பக்கத்துல நிக்கட்டும்' என்கிறான். கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. உங்கள் பிடிவாதமும் அவர் பிடிவாதமும் சேர்ந்து பிறந்திருக்கிறது. நான் நேர்ந்துகொண்டது மடி. அம்மன் என்ன சொல்வாளோ தெரியாது. எட்டு வருஷம் அந்த மடிக்காகத்தான் நீங்கள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். இப்போது வந்து சும்மா நில்லுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்?

இந்தத் தடவை உங்களைக் கேட்காமல் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. முடியாது என்றால் எழுதிவிடுங்கள்.

மரகதம்


திருப்பத்தூர்
30 ஆகஸ்ட் 1995

அன்புள்ள மரகதம்,

நேற்று ப்ரேயரில் ஒருவனுக்கு முடி காலரைத் தொட்டது. கூப்பிட்டு என்ன காரணம் என்று கேட்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன். 'சும்மாதான் சார்' என்றான். வெட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டேன்.

கோவிந்தப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வராது என்று தெரியும்.

பத்தாம் தேதி முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி வாருங்கள். மாப்பிள்ளையையும் வரச் சொல். ரகுவிடம் சொல், மாமா நிற்கிறேன் என்று.

உத்தமன்